உப்பு தேவையான அளவு

தமிழில் எந்தச் சமையல் குறிப்பை எடுத்தாலும் பொருள் பட்டியலின் கடைசியில் ஒரு வரி இருக்கும்: 'உப்பு - தேவையான அளவு'. இதை யாரும் குறை சொன்னதில்லை. சாம்பாருக்கு எவ்வளவு உப்பு என்பது நாக்குக்குத் தெரியும், கைக்குத் தெரியும். இரண்டுக்கும் தெரியாவிட்டால் பக்கத்தில் நிற்கும் அம்மாவுக்கோ மாமியாருக்கோ தெரியும்.

பக்கத்தில் கேட்க ஆளில்லாதவர்களுக்கு வேறு மாதிரி எழுத வேண்டும். 1951ல் வெளிவந்த எஸ்.மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' அப்படி எழுதப்பட்ட புத்தகம். என்ன அளவு, எந்த வரிசை, எப்போது இறக்குவது என்று அத்தனையும் அதில் உண்டு. புதுக்குடித்தனம் போனவர்களும் கடல் கடந்தவர்களும் அதைப் பெட்டியில் வைத்து எடுத்துப் போனார்கள்.

மென்பொருள்களுக்குப் பயன்பாட்டுக் குறிப்பு எழுதுவது என் வேலை. அலுவலகத்தில் இதை 'டாகுமெண்டேஷன்' என்பார்கள். இதுவரை எழுதியதெல்லாம் மனிதர்கள் படிக்க. அண்மையில் கைக்கு வந்த வேலை வேறு மாதிரி. ஒரு சின்னக் கருவிக்குக் குறிப்பு எழுத வேண்டும். அதைப் படித்து வேலை செய்யப்போவது செயற்கை நுண்ணறிவு ஏஜெண்ட். நாக்கும் இல்லை, பக்கத்தில் மாமியாரும் இல்லை.

கருவியின் பெயரைச் சொன்னால் கணினித் துறையில் இல்லாதவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவீர்கள்: ரிவர்ஸ் பிராக்சிக்குப் போர்ட் அமைத்துக் கொடுக்கும் கருவி. போய்விடாதீர்கள். தேக்காவில் ஒரு நடை நடந்தால் விஷயம் புரிந்துவிடும்.

கட்டட எண்ணும் கடை எண்ணும்

சிங்கப்பூரில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு உண்டு. 1995 செப்டம்பரிலிருந்து இந்த ஏற்பாடு. தேக்கா நிலையத்தின் குறியீடு 210665. வீவக புளோக்குகளுக்குக் குறியீட்டின் கடைசி இலக்கங்கள் பெரும்பாலும் புளோக் எண்ணாகவே இருக்கும். இது பஃப்ளோ ரோட்டில் 665ஆம் புளோக்.

ஆனால் 210665 என்று மட்டும் சொன்னால் டாக்சி உங்களை வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடும். உள்ளே மீன் வாங்க வேண்டுமா, பிரியாணி சாப்பிட வேண்டுமா, மாடியில் துணி தைக்கக் கொடுக்க வேண்டுமா? அதற்குக் கடை எண் தெரிய வேண்டும்.

கணினியிலும் இதே ஏற்பாடுதான். ஐபி முகவரி என்பது கட்டடத்தின் குறியீடு. போர்ட் என்பது உள்ளே இருக்கும் கடை எண். ஒரு கணினியில் 0 முதல் 65,535 வரை போர்ட் எண்கள் உண்டு. ஆங்கிலத்தில் துறைமுகத்துக்கும் இதே எழுத்துதான் என்பதால் நம் ஊரில் பலர் கப்பலை நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே பொருள் வாசல். நீங்கள் வங்கி இணையத்தளத்தைத் திறக்கும்போது உங்கள் உலாவி சத்தமில்லாமல் 443ஆம் வாசலைத் தட்டுகிறது. பாதுகாப்பில்லாத பழைய பாணித் தளம் என்றால் 80.

மென்பொருள் எழுதுகிறவர்களின் மடிக்கணினியில் வேறு சில எண்கள் பிரபலம். பல கருவிகள் பிடிவாதமாக 3000ஐக் கேட்கும். 8080 இன்னொன்று. 'வீட்' என்ற கருவி 5173ஐக் கேட்கும். அதன் பெயரை ஆங்கிலத்தில் எழுதி, முதல் எழுத்தை ரோமானிய எண்ணாகவும் மற்றவற்றைப் பார்வைக்கு ஒத்த எண்களாகவும் மாற்றினால் 5173 வரும். எண் வைப்பதிலும் விளையாட்டு.

முன்கடையும் பட்டறையும்

சிராங்கூன் சாலையில் ஒரு நகைக்கடைக்குள் நுழைகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வளையல் அளவு சரியில்லை, சங்கிலியில் கொக்கி அறுந்துவிட்டது, பிள்ளைக்குக் காது குத்த வேண்டும் என்று எதுவானாலும் முன்னால் நிற்கும் ஒருவரிடம்தான் சொல்வீர்கள். எந்த வேலை எந்தப் பத்தரிடம் போகும், அவர் பின்னறையில் இருக்கிறாரா, வேறு தெருவில் இருக்கும் பட்டறையில் இருக்கிறாரா என்பது உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. முன்னால் நிற்பவருக்குத் தெரிந்தால் போதும். அவர்தான் ரிவர்ஸ் பிராக்சி.

வெறும் 'பிராக்சி' என்றால் உங்கள் பக்கத்து ஆள். ஊரிலிருந்து வந்திருக்கும் மருமகனை அனுப்பிக் காய்கறி வாங்கிவரச் சொல்கிறீர்கள். கடைக்காரருக்கு உங்களைத் தெரியாது, மருமகனைத்தான் தெரியும். அதைத் திருப்பிப் போட்டால், அதாவது கடையின் பக்கத்து ஆளாக வைத்தால், ரிவர்ஸ் பிராக்சி. ரஷ்யரான இகோர் சிசோயெவ் 2004ல் வெளியிட்ட 'என்ஜின்எக்ஸ்' இந்த வேலைக்கு உலகம் முழுதும் பயன்படுகிறது. எப்போதாவது திரையில் '502' என்ற எண்ணுடன் ஒரு பிழைச் செய்தி பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அதன் பொருள், 'நான் முன்கடையில்தான் நிற்கிறேன், பின்னால் பட்டறையில் சரியான பதிலில்லை' என்பதுதான்.

எங்கள் அணியின் கருவி செய்வது எளிய வேலை. ஒரு நிரல் தொடங்கும்போது காலியாக இருக்கும் போர்ட் ஒன்றை அதற்குக் கொடுக்கும். அந்த நிரலின் பெயரையும் எண்ணையும் முன்கடைக்காரரிடம் சொல்லி வைக்கும். அதன் பிறகு யாரும் எண்ணை நினைவில் வைக்க வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும். வேலை முடிந்ததும் எண்ணைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். கேள், பட்டியல் காட்டு, சரிபார், விடுவி என்று மொத்தம் நான்கு கட்டளைகள். இதற்கு எதற்கு மாதக்கணக்கில் குறிப்பு எழுத வேண்டும் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

எண்ணுக்கு ஒரு கணக்கப்பிள்ளை

எண்கள் தம்மளவில் ஒன்றும் சொல்வதில்லை. 443 என்றால் பாதுகாப்பான இணையத்தளம் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டதால்தான் அது வேலை செய்கிறது. 1972 மே மாதம், அமெரிக்காவில் ஆய்வு மாணவராக இருந்த ஜான் போஸ்டல் ஒரு சிறு அறிக்கை எழுதினார். இந்த எண்களைப் பங்கிட்டுக் கொடுக்க ஒருவர் வேண்டும், வேண்டுமானால் நானே பார்க்கிறேன் என்பது அதன் சாரம். சொன்னபடி 1998ல் காலமாகும்வரை அந்தப் பட்டியலை அவர் பராமரித்தார். 1995ல் பின்லாந்தின் தாத்து யூலோனென் தொலைவிலிருந்து கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் 'எஸ்எஸ்எச்' முறையை உருவாக்கினார். 21க்கும் 23க்கும் நடுவே காலியாக இருந்த 22 வேண்டும் என்று மின்னஞ்சல் அனுப்பினார். கிடைத்தது. இன்றும் அதே 22தான்.

போஸ்டல் அறிக்கை எழுதிய மறுமாதம், 1972 ஜூனில், இன்னொரு 'போர்ட்'டில் ஒரு மாற்றம் நடந்தது. தஞ்சோங் பகார் முனையத்துக்கு முதல் கொள்கலன் கப்பல் வந்தது. கொள்கலனின் வெற்றியும் ஓர் உடன்பாடுதான். பெட்டியின் அளவு எல்லாருக்கும் ஒன்று என்று ஒப்புக்கொண்டதால், யாருடைய கப்பலிலிருந்தும் யாருடைய லாரிக்கும் அதை மாற்ற முடிந்தது. 2024ல் சிங்கப்பூர் கையாண்டது இருபதடிப் பெட்டிக் கணக்கில் 4 கோடியே 11 லட்சத்துக்கும் மேல்.

தமிழுக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு, அதுவும் சிங்கப்பூரில். 1990களில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் எழுத்துகளுக்குத் தன் விருப்பப்படி எண் வைத்திருந்தது. ஒரு எழுத்துருவில் 'அம்மா' என்று எழுதி அனுப்பினால் இன்னொரு எழுத்துருவில் அது குப்பையாகத் தெரியும். எழுத்தாளரும் கல்வியாளருமான நா.கோவிந்தசாமி 1995ல் தமிழை இணையத்தில் ஏற்றிக் காட்டியவர்களில் முன்னோடி. 1997ல் இங்கே நடந்த 'தமிழ்நெட் 97' மாநாட்டில், எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற உடன்பாட்டைத் தேடித்தான் பல நாட்டுத் தமிழர்கள் கூடினார்கள். 2000ல் இங்கே மறுபடி கூடியபோது 'உத்தமம்' பிறந்தது. இன்று கைப்பேசியில் நீங்கள் அனுப்பும் தமிழ்ச் செய்தி யாழ்ப்பாணத்திலும் டொரோன்டோவிலும் அப்படியே தெரிகிறதென்றால், யாரோ உட்கார்ந்து எண் பட்டியலைப் பேசி முடித்து எழுதிவைத்ததால்தான். எழுதிவைப்பது சாதாரண வேலையில்லை.

ஆள் மாறியபோது

ஏஜெண்ட் என்பது கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு நிற்கும் செயலி அல்ல. 'இந்தப் பக்கத்தில் ஒரு பொத்தான் சேர்' என்றால் அதுவே கோப்புகளைத் திறந்து படிக்கும், மாற்றும், நிரலை ஓட்டிப் பார்க்கும், பிழை வந்தால் திருத்தி மறுபடி ஓட்டும். ஒரு பொறியாளர் ஒரே நேரத்தில் நான்கைந்து ஏஜெண்டுகளை வேலைக்கு விடுவது இப்போது சாதாரணம். நான்கும் ஒரே நிரலின் நான்கு பிரதிகளைத் தொடங்கும். நான்கும் 3000ஐக் கேட்கும். ஒரே கடை எண்ணுக்கு நான்கு பேர் சாவியோடு வந்து நிற்பது போல.

நான் வேலை பார்த்த ஓர் அணியில் பழைய குறிப்பில் ஒரு வரி இருந்தது: 'தொடங்கும் முன் 3000 காலியாக இருப்பதை உறுதிசெய்யவும்.' பல ஆண்டுகளுக்கு முன் யாரோ எழுதியது. எழுதியபோது அதில் ஒரு பிழையும் இல்லை. படித்த மனிதர்கள் 3000 காலியில்லை என்று தெரிந்தால் நாற்காலியைத் திருப்பி, 'யாருப்பா இது?' என்று கேட்டார்கள், பதில் வந்தது, காத்திருந்தார்கள், அல்லது வேறு எண்ணுக்குப் போனார்கள்.

ஏஜெண்ட் அதே வரியைப் படித்தது. 3000 காலியில்லை. உறுதிசெய் என்று குறிப்பு சொல்கிறது. அங்கே ஓடிக்கொண்டிருந்த நிரலை நிறுத்திவிட்டு, இப்போது காலி என்று உறுதிசெய்துகொண்டு, தன் வேலையைத் தொடங்கியது. நிறுத்தப்பட்டது, அதே கணினியில் ஒரு சக ஊழியர் வாடிக்கையாளருக்கு நேரலையில் காட்டிக்கொண்டிருந்த நிரல். கூட்டத்தில் எல்லார் திரையிலும் 502.

ஏஜெண்ட் கீழ்ப்படியாமல் போகவில்லை. வரிக்கு வரி கீழ்ப்படிந்தது. அந்த வரியில் எழுதாமல் விட்டது ஒன்று இருந்தது: 'அடுத்தவர் பொருளைத் தொடாதே.' மனிதர்களுக்கு அதை எழுதத் தேவையிருக்கவில்லை. அதனால் யாரும் எழுதவில்லை.

'பார்த்துச் செய்யுங்க'

தமிழில் வேலை சொல்பவரின் மிகப் பெரிய வசதி 'பார்த்துச் செய்யுங்க' என்ற இரண்டு சொல். தையற்காரரிடம், சமையற்காரரிடம், ஏன் அறுவைச் சிகிச்சை செய்யும் மருத்துவரிடம்கூடச் சொல்வோம். உன் அனுபவத்தை நம்புகிறேன் என்று பொருள். அனுபவம் இல்லாத இடத்தில் அந்தச் சொல்லுக்குப் பொருளே இல்லை. புதிய குறிப்புக்காக நான் முதலில் செய்தது, பழைய பக்கங்களில் இருந்த 'பார்த்துச் செய்யுங்க' வகைச் சொற்களைத் தேடிப் பிடித்ததுதான். 'பொருத்தமான எண்', 'தேவைப்பட்டால் மறுதொடக்கம்', 'வழக்கம்போல் அமைக்கவும்'. எல்லாமே உப்பு தேவையான அளவு.

இணைய நெறிமுறைகள் எழுதுகிறவர்கள் இதற்கு ஒரு வழி கண்டுவைத்திருக்கிறார்கள். 1997ல் ஸ்காட் பிராட்னர் எழுதிய ஒரு சிற்றாவணம், 'கட்டாயம்', 'நல்லது', 'விருப்பம்' ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களுக்கு இதுதான் பொருள் என்று வரையறுத்தது. தமிழில் அது வினையின் வாலிலேயே இருக்கிறது: செய்ய வேண்டும், செய்வது நல்லது, செய்யலாம், செய்யக் கூடாது. எங்கள் குறிப்பு ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வரியையும் மனதுக்குள் தமிழாக்கிப் பார்த்தேன். வால் எது என்று எனக்கே தெரியாத வரிகளை மாற்றி எழுதினேன்.

அடுத்தது சரிபார்ப்பு. 'எண் கொடுக்கப்படும்' என்று முடிக்காமல், 'எண் கொடுக்கப்பட்டதா என்று பட்டியல் கட்டளையில் பார். உன் நிரலின் பெயருக்கு எதிரே ஒரே ஓர் எண் இருக்க வேண்டும். இல்லையென்றால் நிறுத்து' என்று எழுதினேன். சோற்றை ஒரு பருக்கை எடுத்து நசுக்கிப் பார்ப்பது நமக்கு அனிச்சை. இதற்கு எந்தப் பருக்கையை எடுப்பது என்றும் சொல்ல வேண்டும்.

பிறகு, ஒரே வேலையை இரண்டு முறை செய்தால் என்ன ஆகும் என்பது. வீவக மின்தூக்கிப் பொத்தானை அவசரத்தில் பத்து முறை அழுத்தினாலும் தூக்கி ஒரு முறைதான் வரும். குழம்பில் இரண்டு முறை உப்பு போட்டால் குழம்பு போச்சு. ஏஜெண்டுகள் பதில் வரத் தாமதமானால் மறுபடி முயலும் பழக்கமுள்ளவை. அதனால் நான்கு கட்டளைகளில் எது பொத்தான், எது உப்பு என்று பக்கத்தில் குறித்தேன். குறிக்கும்போது 'கேள்' கட்டளை உப்பு என்று தெரிந்தது. இரண்டு முறை கேட்டால் இரண்டு எண் கொடுத்துவிடும். பொறியாளர்களிடம் சொன்னேன், அதைப் பொத்தானாக மாற்றினார்கள். குறிப்பு எழுதுவதன் ஒரு பலன் இது. விளக்கச் சிரமமாக இருந்தால் பல நேரம் கோளாறு கருவியில் இருக்கும்.

சின்ன விஷயம் பெரிதாகும் இடங்களைத் தனியே எழுதினேன். என்ஜின்எக்ஸில் பட்டறையின் முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டால் ஒரு பொருள், போடாவிட்டால் வேறு பொருள். போட்டால், வந்தவர் கேட்ட பாதையின் முன்பகுதியை வெட்டிவிட்டு அனுப்பும். போடாவிட்டால் கேட்டபடியே அனுப்பும். இரண்டும் சரியான அமைப்புகள். எது வேண்டும் என்பதை, வந்த முகவரி இது, போய்ச் சேரும் முகவரி இது என்று இரண்டு உதாரணத்தோடு எழுதினால் யாரும் தடுமாறுவதில்லை, மனிதர்கள் உட்பட.

எல்லாவற்றையும்விடப் பயன் தந்தது காரணம் எழுதியது. முதலில் '3000ல் ஓடுவதை நிறுத்தக் கூடாது' என்று மட்டும் எழுதிப் பார்த்தோம். ஏஜெண்ட் 3000ஐத் தொடவில்லை. 3001ல் இருந்ததை நிறுத்தியது. பிறகு, 'இந்தக் கணினியைப் பலர் பகிர்ந்துகொள்கிறார்கள். நீ தொடங்காத நிரல் இன்னொருவருடையது. அவர் அதை இப்போது பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். ஆகவே நீ தொடங்கியதை மட்டுமே நீ நிறுத்தலாம்' என்று எழுதினோம். அதன் பின் எந்த எண்ணுக்கும் சிக்கல் வரவில்லை. குழந்தைகளை வளர்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

எழுத்தின் நீளமும் முக்கியம். ஏஜெண்ட் ஒரே நேரத்தில் கவனத்தில் வைத்திருக்கக்கூடிய எழுத்துக்கு வரம்பு உண்டு. நீளமான குறிப்பு அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். 'ஏஜெண்ட்ஸ்.எம்டி' என்ற பெயரில் ஒரு கோப்பை, தெரிந்த ஓர் இடத்தில் வைக்கும் பழக்கம் 2025ல் பரவியது. எங்கள் குறிப்பு இரண்டு பக்கம்.

திறந்து கிடக்கும் கதவு

இரண்டு பக்கத்தில் நான்கு வரி மட்டும் தடித்த எழுத்தில் இருக்கிறது. அது எந்த எண் என்பதைப் பற்றியதில்லை. எந்தப் பக்கம் பார்த்த கதவு என்பதைப் பற்றியது.

ஒரு நிரல் 127.0.0.1 என்ற முகவரியில் காது கொடுத்தால், அதே கணினிக்குள் இருப்பவர்கள் மட்டும் அதோடு பேசலாம். வீட்டு அறைக்கதவு மாதிரி. 0.0.0.0 என்று வைத்தால் அந்தக் கணினிக்கு எத்தனை வழி உண்டோ அத்தனை வழியாகவும் வருபவர்கள் பேசலாம். தெருக்கதவைத் திறந்துவைத்த மாதிரி. 'இணைப்பு கிடைக்கவில்லை' என்று பிழை வரும்போது முதலாவதை இரண்டாவதாக மாற்றினால் பல நேரம் பிழை மறைந்துவிடும். அதனால் அது மிகவும் கவர்ச்சியான தீர்வு. ஏஜெண்டுகளுக்கும் அந்தக் கவர்ச்சி உண்டு. அவை படித்து வளர்ந்ததே நாம் எழுதிவைத்த தீர்வுகளைத்தானே.

2017 ஜனவரியில் உலகம் முழுதும் ஆயிரக்கணக்கான 'மாங்கோடிபி' தரவுத்தளங்கள் அழிக்கப்பட்டு, பணம் கேட்டு மிரட்டல் குறிப்புகள் வைக்கப்பட்டன. யாரும் பூட்டை உடைக்கவில்லை. 27017ஆம் கதவு இணையத்தைப் பார்த்துத் திறந்திருந்தது, கடவுச்சொல்லும் இல்லை. அந்த ஆண்டின் இறுதியில் வந்த பதிப்பிலிருந்து, கேட்காமலேயே கதவு உள்பக்கமாக மட்டும் திறக்கும்படி மாற்றினார்கள். கதவு தவறிப்போய்த் திறந்தால் போவது எண்ணோ நிரலோ அல்ல. யாரோ ஒருவரின் மருத்துவக் குறிப்பு, சம்பள விவரம், பிள்ளையின் பள்ளிப் பதிவு.

ஆகவே எங்கள் தடித்த எழுத்து வரிகள் இவை: வெளிப்பக்கக் கதவைத் திறக்கக் கூடாது. திறந்தால்தான் வேலை நடக்கும் என்று தோன்றினால் நிறுத்த வேண்டும். என்ன முயன்றாய், என்ன பிழை வந்தது என்று எழுதி வைக்க வேண்டும். மனிதர் ஒருவர் ஒப்புதல் தரும்வரை காத்திருக்க வேண்டும்.

குறிப்பை மட்டும் நம்பியும் இருக்கவில்லை. வெளிப்பக்கக் கதவைத் திறக்கும் அதிகாரமே ஏஜெண்டுக்குத் தரப்படவில்லை. குறிப்பு சொல்லும், பூட்டு தடுக்கும், இரண்டும் வேண்டும்.

யார் பெயர்?

அலுவலகத்தில் பலதுறைத் தொழிற்கல்லூரி முடித்துப் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் ஒருநாள் கேட்டார்: "அக்கா, இதுக்கு ஏன் நீங்க இவ்வளவு மெனக்கெடுறீங்க? நிரலைக் கொடுத்தா ஏஜெண்டே குறிப்பு எழுதிடுமே?"

"எழுதச் சொல்லிப் பாருங்க தம்பி," என்றேன்.

இரண்டு நிமிடத்தில் பதினான்கு பக்கம் வந்தது. அழகான தலைப்புகள், அட்டவணைகள். ஒரு தவறான வரி இல்லை. இருவரும் உட்கார்ந்து படித்தோம். கருவி என்ன செய்யும் என்பது முழுதும் இருந்தது. என்ன செய்யக் கூடாது என்பது இல்லை. அந்தக் கணினியைப் பலர் பகிர்கிறார்கள் என்பது இல்லை. பிழை வந்தால் யாரைக் கேட்பது என்பது இல்லை. இருக்கவும் முடியாது, இவை எதுவும் நிரலில் இல்லை. மனிதர்களுக்கு இடையே இருக்கிறது.

தம்பியின் அடுத்த கேள்வி கொஞ்சம் கனமானது. "அப்ப எங்களை மாதிரி புதுசா வர்றவங்களுக்கு என்னக்கா வேலை மிஞ்சும்?" இந்தக் கேள்வி இப்போது பல வீடுகளில் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். குறிப்பு எழுதுவது, அமைப்புக் கோப்பு எழுதுவது, சின்னப் பிழை திருத்துவது எல்லாம் புதியவர்கள் தொழில் பழகிய படிகள். அந்தப் படிகளில் இப்போது ஏஜெண்டுகள் நிற்கின்றன. எல்லாம் சரியாகிவிடும் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

நான் செய்தது, குறிப்பைச் சோதிக்கும் வேலையை அவரிடம் கொடுத்தது. அணிக்குப் புதியவர் என்பதால் எழுதாத வழக்கங்கள் எதுவும் அவருக்குத் தெரியாது. எந்த வரியில் தடுமாறுகிறாரோ அந்த வரியில் ஏஜெண்டும் தடுமாற வாய்ப்புண்டு. ஒரு வித்தியாசம், அவர் தடுமாறினால் கேட்பார். ஒரு வாரத்தில் பதினொரு கேள்வி கேட்டார். அவற்றில் ஒன்பதுக்கான பதில் குறிப்பில் சேர்ந்தது. அந்த ஒரு வாரத்தில், எந்தக் கதவு ஏன் மூடியிருக்கிறது என்று அணியில் பலரைவிட நன்றாக அவருக்குத் தெரிந்துவிட்டது. இந்த மாதிரி வேலையைப் புதியவர்களுக்கு என்று ஒதுக்கி வைப்பது மேலாளர்கள் எடுக்க வேண்டிய முடிவு. தானாக நடக்காது.

2026 ஜனவரியில், நம் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் ஏஜெண்டுகளுக்கென்றே ஒரு மாதிரி நிர்வாகக் கட்டமைப்பை வெளியிட்டது. அபாயத்தை முன்கூட்டியே மதிப்பிட்டு எல்லை வகுப்பது, மனிதர்கள் உண்மையிலேயே பொறுப்பேற்பது, தொழில்நுட்பக் கட்டுப்பாடுகள், பயன்படுத்துகிறவர்களின் பொறுப்பு என்று அதில் நான்கு தூண்கள். நாட்டளவில் சொன்னது அலுவலகத்துக்குள் வரும்போது கடைசியில் ஒரு இரண்டு பக்கக் குறிப்பாகத்தான் வந்து நிற்கிறது. எல்லை எங்கே என்று அதில்தான் எழுத வேண்டும். பொறுப்பேற்கும் மனிதர் யார் என்றும் அதில்தான் இருக்க வேண்டும். எங்கள் குறிப்பின் முதல் வரியில் இப்போது இரண்டு பெயர்கள் இருக்கின்றன. எழுதிச் சோதித்தவர்கள் நாங்கள் இருவர். தம்பியின் பெயரும் உண்டு.

நீங்கள் மென்பொருள் துறையில் இல்லாவிட்டாலும் இந்த வார இறுதியில் ஒன்று செய்து பாருங்கள். வீட்டில் ஒரே ஒருவருக்கு மட்டும் தெரிந்த வேலை ஒன்று நிச்சயம் இருக்கும். பாட்டியின் மருந்துப் பெட்டி, வைஃபை பெட்டி அணைந்துபோனால் செய்ய வேண்டியது, ஊரில் உள்ள வீட்டு வரி எப்போது எங்கே கட்டுவது. அதை ஒரு தாளில், பக்கத்தில் கேட்க ஆளில்லாத ஒருவருக்கு எழுதுவதுபோல் எழுதுங்கள். எதைத் தொடக் கூடாது, ஏன், சந்தேகம் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பிறகு தாளை வீட்டில் இளையவரிடம் கொடுத்து, நீங்கள் வாய் திறக்காமல் உட்கார்ந்து, செய்யச் சொல்லிப் பாருங்கள். எந்த வரியில் உங்களுக்கு வாய் திறக்கத் தோன்றுகிறதோ, அங்கே பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். திருத்தி எழுத வேண்டிய வரி அது.